ஒற்றைக் கட்டம்

காலை ஒன்பது மணிக்கு அவள் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது காவலாளி எழுந்து நின்றார். கொஞ்ச நாளாகவே அவர் அவள் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. காடு எரிந்து முப்பத்தைந்து நாளாகியும் மாடிப்படியில் சாம்பல் வாசனை போகவில்லை. படப்பிரிவில் அவள் மேசை நடு ஜன்னலோரம் இருந்தது. உட்கார்ந்து கணினியைப் போட்டாள்.

தீக்குப் பிறகான ஏழாவது படம் இன்று வரும். ஐந்து நாளுக்கு ஒருமுறை, காலை பத்தரை மணிக்குச் செயற்கைக்கோள் இந்தப் பக்கம் கடந்து போகும். அது எடுத்த படம் மதியம் இரண்டு மணிக்கு அவள் திரைக்கு வந்து சேரும். தீக்கு முந்தைய படத்தோடு அதை ஒப்பிட்டால், எரிந்த நிலம் சிவப்பாகவும் பிழைத்த நிலம் பச்சையாகவும் பிரியும். அந்த வரைபடத்தில் இயக்குநர் கையெழுத்துப் போட்டுவிட்டால் தேடுதல் முடிந்துவிடும்.

தேடப்படுகிறவன் அவள் கணவன். வனக்காவலன். மலை முகட்டில் தகரக் கூரை போட்ட காவல் குடிசையில் இருந்தவன்.

படம் எடுக்கும் நாளில் பத்தரைக்குச் சரியாக வெளியே வந்து வானத்தைப் பார்த்துக் கை ஆட்டுவான். பிறகு போன் வரும்.

"தெரிஞ்சேனா?"

"படத்துல ஒரு கட்டமே பத்து மீட்டருங்க. அதுல தெரிய நீங்க என்ன யானையா?"

"ஒருநாள் தெரிவேன் பாரு. அப்போ நீயே கூப்பிடுவ."

கல்யாணமாகிப் பதினோரு வருடம் ஆகியும் இந்தப் பேச்சு அவனுக்கு அலுக்கவில்லை. அவளுக்கும்தான்.

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் சல்லடை. படத்தில் ஒரே ஒரு கட்டம் மட்டும் தனியாக நிறம் மாறியிருந்தால் அதை நம்பக் கூடாது. பாறைப் பளபளப்பாக இருக்கலாம், கருவியின் தடுமாற்றமாக இருக்கலாம். பக்கத்தில் இன்னொன்று ஒட்டியிருந்தால்தான் அது நிஜம். தனியாக நிற்பதை அழிக்கும் கட்டளையின் பெயரும் சல்லடைதான். அந்த விதியை எழுதியவளே அவள்தான்.

தீப்பிடித்த அன்று, முகட்டில் ஒரு கட்டம் மட்டும் சூடாகத் தெரிந்தது. காவல் குடிசை இருக்கும் இடம்.

தகரம் வெயிலில் மின்னுகிறது என்று நினைத்தாள். சல்லடையை அழுத்தினாள்.

அன்று போன் வரவில்லை. சாயங்காலத்துக்குள் மூன்று முகடுகள் எரிந்தன.

அந்தக் கட்டத்தை அவள் அழித்தது வேறு யாருக்கும் தெரியாது.

தீக்குப் பிந்தைய முதல் படத்தில், சிவப்புக்கு நடுவே அதே இடத்தில் ஒரு பச்சைக் கட்டம் இருந்தது. அடுத்த படத்தில் அது ஓடைக்கரைக்கு வந்திருந்தது. அதற்கடுத்து மரக்கிடங்கு. லீவு கிடைத்தால் அவன் பைக்கில் வீட்டுக்கு வரும் பாதை அது. ஐந்து நாளுக்கு ஐந்து கிலோமீட்டர்.

"உயிரோட இருக்காரு சார். நடக்க முடியாம நடந்து வர்றாரு."

இயக்குநர் நல்ல மனிதர். நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"ஒத்தக் கட்டம்மா. அடுத்தவங்க இதைக் கொண்டு வந்திருந்தா நீ என்ன சொல்லியிருப்ப?"

"தெரியும் சார். இன்னைக்குப் படம் வர்ற வரைக்கும் பொறுங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

"சேச்சே, என்ன பேச்சு இது. சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கேன்."

இரண்டு மணிக்குப் படம் வந்தது.

எரிந்த காடு முழுக்கத் தேடினாள். பச்சைக் கட்டத்தைக் காணவில்லை. பெரிதாக்கி, சிறிதாக்கி, மறுபடி பெரிதாக்கி, ஆற்றைத் தாண்டி ஊர்ப்பக்கம் வந்தாள். ஊர் எரியவில்லை. எல்லாம் பச்சை.

ஒரு கட்டத்தைத் தவிர.

அது சிவப்பாக இருந்தது. முழுக்க எரிந்த நிலத்தின் சிவப்பு.

அவள் வீட்டு வாசல்.

வீட்டுக்குப் போன் போட்டாள். மகள் இருமல் என்று பள்ளிக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். ஒன்பது வயது. முதல் மணியிலேயே போனை எடுத்தாள்.

"அம்மா! அப்பா வந்துட்டாரு!"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"பத்தரையிலேர்ந்து வாசல்ல நிக்கிறாரு. வானத்தைப் பாத்துக் கை ஆட்டிட்டே இருக்காரு. படம் பாக்கிற நாள்ல கூப்பிடாதேன்னு நீதானே சொல்லியிருக்க, அதான் கூப்பிடல."

"அப்பா... நல்லா இருக்காரா?"

"தெரியல. ஜன்னல் கண்ணாடி கறுத்துப் போச்சு. பூந்தொட்டி எல்லாம் கருகிடுச்சும்மா. உள்ள வரச் சொல்லட்டுமா? தாழ்ப்பாள் ரொம்பச் சுடுது."

முப்பத்தைந்து நாளாக அவள் கேட்ட ஒரே வரம் வாசலில் நின்றது.

"திறக்காதே. கண்ணு, பின்பக்கமா போ. அத்தை வீட்டுக்கு ஓடிடு."

காலடிச் சத்தம். பிறகு ஒரு கிசுகிசுப்பு.

"பின்பக்கமும் அப்பாதான்மா நிக்கிறாரு."

போன் வழியே கட்டை வெடிக்கும் சத்தம் மெல்லக் கேட்டது.

"கையை இறக்கிட்டாரு. கதவுகிட்ட வர்றாரு."

திரையில் சல்லடைக் கட்டளை இருந்தது. அன்று அழுத்திய அதே இடம். 'மன்னிச்சிடுங்க' என்று சொன்னாளா, நினைத்தாளா, அவளுக்கே தெரியாது.

அழுத்தினாள்.

சிவப்புக் கட்டம் மறைந்தது. போனில் இருமல் மட்டும் கேட்டது.

"போயிட்டாரும்மா."

"எந்தப் பக்கம்?"

"போகல. நின்ன இடத்துலயே இல்லாமப் போயிட்டாரு. என்னையே பாத்துட்டிருந்தாரு."

சாயங்காலம் இயக்குநர் வரைபடத்தில் கையெழுத்திட்டார். அவள் தடுக்கவில்லை. ஒரே ஆளை இரண்டு முறை அழித்துவிட்ட பிறகு எந்த முகத்தோடு தடுப்பது?

ஐந்து நாளில் மறுபடி படம் எடுக்கும் நாள் வந்தது. மகளை வீட்டில் விட மனமில்லாமல் கூடவே கூட்டி வந்தாள். வண்ணப் பென்சிலைக் கொடுத்து, தன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தாள். பத்தரை வாக்கில், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று குழந்தை வெளியே போனது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, திரும்பி வந்து சமர்த்தாகப் படம் வரைந்தது.

இரண்டு மணிக்கு அவள் முதலில் வீட்டைப் பார்த்தாள். பச்சை. தெரு பச்சை. ஆறு, பாலம், கடைவீதி, எல்லாம் சுத்தம். பல நாளுக்குப் பிறகு மூச்சு முழுதாக வந்தது.

பிறகு அலுவலகத்தைப் பார்த்தாள்.

கீழே, வண்டி நிறுத்துமிடத்தில், சிவப்பு.

யோசிக்கவில்லை. சல்லடையை அழுத்தினாள்.

மறையவில்லை.

மறுபடி அழுத்தினாள். மறுபடியும். பெரிதாக்கிப் பார்த்தாள்.

இரண்டு கட்டங்கள். ஒன்றையொன்று ஒட்டி.

சாம்பல் வாசனை மாடிப்படியிலிருந்து வரவில்லை. பக்கத்திலிருந்து வந்தது.

"கண்ணு," என்றாள், திரும்பிப் பார்க்காமல். "காலைல தண்ணி குடிக்கத்தானே போன?"

"கீழே அப்பாகூட நின்னேன்மா. ஒத்தையா நின்னா நீ அழிச்சிடுவியாம். ரெண்டு பேரா நின்னா மாட்டியாம். அப்பா சொன்னாரு."

அவள் மணிக்கட்டின் மேல் ஒரு சின்னக் கை வந்து படிந்தது. அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கியதுபோல் சுட்டது.

"நான் தெரிஞ்சேனா, அம்மா?"