சுண்டல் குண்டானில் இரண்டு விதைகள்

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு, ஐந்தாம் வகுப்புச் சிறுமி சஃபா வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். அவளைத் தாங்கப் போன பையனும் அங்கேயே குனிந்தான். கொஞ்ச நேரத்துக்குள் அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டு கிடந்தார்கள்.

சங்குமடை அரசு நடுநிலைப் பள்ளியில் மாலை வகுப்பை நடத்துகிறவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். ஊர்க்காரர்கள் சிலர், மண்டபம் முகாமிலிருந்து பஸ் ஏறி வரும் இலங்கைத் தமிழர்கள் சிலர். யாருக்கு எந்த வகுப்பு, யார் என்றைக்குச் சுண்டல் அவிப்பது, யாரை யாரோடு சேர்க்கக் கூடாது என்பதையெல்லாம் பார்த்துக்கொள்பவள் ஒருங்கிணைப்பாளர் அமுதவள்ளி. சத்தம் கேட்டு அவள் ஓடி வந்தபோது, அன்று சுண்டல் அவித்த மயூரி கரண்டியைப் போட்டுவிட்டு சஃபாவைத் தோளில் தூக்கியிருந்தாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. மீதிப் பிள்ளைகளை ஆட்டோக்களில் ஏற்றினார்கள். ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் சுரேஷ் முகம் வெளுத்து நின்றான். பி.எட். முடித்தவன். மாலை வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து வருகிறவன். அதே பள்ளியில் தற்காலிக ஆசிரியர் வேலைக்கு அவன் பெயரைத் தலைமையாசிரியை அப்போதுதான் அனுப்பியிருந்தார்.

“நீங்க எல்லாரும் போங்கக்கா. நான் பாத்திரத்தக் கழுவி வச்சு, ரூமைப் பூட்டிட்டு வாரேன்” என்றான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் பாண்டீஸ்வரன் சமையல் அறையைத் திறக்கச் சொன்னார். குண்டானின் அடியில் மிச்சச் சுண்டல் கிடந்தது. குனிந்து பார்த்து, அதன் மேலிருந்து இரண்டு கறுப்பு விதைகளை எடுத்தார். நாலைந்து சுண்டலையும் அந்த விதைகளையும் ஒரு வெள்ளைத் தாளில் பரப்பி வைத்தார்.

“காட்டாமணக்கு. தின்னா விஷம்” என்றார்.

உடனே மருத்துவமனைக்குப் போன் போட்டார். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று டாக்டர் வருத்தப்பட்டார். பிள்ளைகளுக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு பேருடைய நிலை மட்டும் இன்னும் கவலைக்கிடம்.

மயூரியை வரவழைத்து விசாரித்தார்கள். “நான் அவிச்சுத் தாளிச்சுக் குடுத்தது மட்டும்தான் சார். வேற ஒண்டும் போடேல்லை” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். சுற்றி நின்ற தாய்மார்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அமுதவள்ளியும் அங்கேதான் நின்றாள். வாய் திறக்கவில்லை. திறந்து சொல்ல அவள் கையில் எதுவும் இல்லை.

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி பூமயில் பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் வைத்தாள். முகாமிலிருந்து யாரும் இனிப் பள்ளிக்குள் வரக் கூடாது என்று தீர்மானம் போடப்போவதாகப் பேச்சு.

அமுதவள்ளி பாண்டீஸ்வரனிடம் ஒன்று கேட்டாள். எல்லா வகுப்பும் அதே சுண்டலைத்தான் தின்றது. ஐந்தாம் வகுப்புக்கு மட்டும் ஏன் வந்தது?

“கடைசியாப் பரிமாறுனது அவங்களுக்குத்தான். விதை அடியில தங்கிருச்சு. இதுல என்ன குழப்பம் மேடம்?”

பதில் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவளுக்கு மனசு ஆறவில்லை. மேசை மேல் அந்தத் தாள் விரித்தபடி கிடந்தது. சுண்டலைச் சுற்றித் தாள் எண்ணெய் ஊறிக் கண்ணாடிபோல் ஆகியிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

மருத்துவமனைக் குழாயடியில் சஃபாவின் தாய் லாமியா மகளின் சீருடைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முன்பக்கமெல்லாம் தேத்தண்ணி சிந்தியதுபோல் பழுப்புக் கறை. எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை என்றாள். அங்கே கொடியில் காய்ந்த மற்றப் பிள்ளைகளின் சட்டைகளிலும் அதே கறைதான்.

“புள்ள சுண்டல் எவ்வளவு தின்னுச்சு?” என்று கேட்டாள் அமுதவள்ளி.

“அவ எங்கக்கா திங்கா? என்னைக்கும் டப்பாவுல வாங்கித் தம்பிக்கில்ல கொண்டு வருவா. நேத்தும் டப்பாவ யாரோ வீட்டுல குடுத்துட்டாக. தம்பிதான் தின்னான்.”

“தம்பிக்கு?”

“அல்லா புண்ணியத்துல அவன் நல்லா இருக்கான்.”

அமுதவள்ளி வார்டுக்குள் போய் சஃபாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நேற்று சாயங்காலம் எங்கே விளையாடினீர்கள் என்று தலையைத் தடவியபடி கேட்டாள். பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. சுவரைப் பார்த்தபடியே, “சொல்லக் கூடாது. சொன்னா மாலை வகுப்ப மூடிருவாக” என்றது. அமுதவள்ளி அதற்கு மேல் கேட்கவில்லை. பிள்ளையிடம் அப்படிச் சத்தியம் வாங்கிய பெரியவர் ஒருவர் இருக்கையில், அவரை விட்டுவிட்டு நோயில் கிடக்கும் பிள்ளையைக் குடைவானேன்?

பத்தரை மணிக்குப் பள்ளிக்குத் திரும்பினாள். வழியெல்லாம் தனக்குள் கேட்டுக்கொண்டுதான் வந்தாள். ஐந்தாம் வகுப்பு நேற்று என்ன படித்தது? பின்னம் நடத்தினேன், வகுப்பை விட்டு யாரும் நகரவில்லை என்று சுரேஷ் போலீஸிடம் சொல்லியிருந்தான். தேதி எழுதாமல் பாடம் தொடங்காதவன் அவன். ஆனால் மாலை வகுப்புக்கென்றே தனியாக இருந்த ஐந்தாம் வகுப்புக் கரும்பலகையில் திங்கட்கிழமைத் தேதிதான் இருந்தது. அதன் கீழே திங்கட்கிழமை நடந்த திசைகள் பாடம் அழியாமல் கிடந்தது.

பள்ளிக்குப் பின்னால், கடலுக்குப் போகிற மணல் பாதையோரம் காட்டாமணக்கு வேலி. இலைக் காம்புகள் வரிசையாக ஒடிக்கப்பட்டிருந்தன. காம்பில் வடியும் பாலில் குமிழி குமிழியாக முட்டை ஊதி விளையாடாத பிள்ளை அந்தக் கரையில் கிடையாது. கீழே காய்த் தோல்கள் குவிந்து கிடந்தன.

பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் கூடியது. பாண்டீஸ்வரனும் வந்திருந்தார். மயூரி கதவோரத்தில் நின்றாள். பூமயில் தீர்மானத்தை வாசிக்கத் தொடங்கினாள். அமுதவள்ளி எழுந்து நின்று, அதற்கு முன் தன்னைப் பேச விட வேண்டும் என்றாள்.

சஃபா சுண்டலைத் தொடவே இல்லை என்பதை முதலில் சொன்னாள். அவள் பங்கைத் தின்ற தம்பி நன்றாக இருக்கிறான், தின்னாத அவள் டிரிப்ஸோடு கிடக்கிறாள். விஷம் சுண்டலில் இல்லை. பிறகு பாண்டீஸ்வரனிடம் அந்தத் தாளை எடுக்கச் சொன்னாள்.

“பாருங்க சார். சுண்டல் இருந்த இடமெல்லாம் எண்ணெய். வெதை இருந்த இடம் வெள்ளையா இருக்கு. அவிக்கையில விழுந்திருந்தா எண்ணெயும் மஞ்சளும் ஒட்டாம இருக்குமா? இது சுண்டல் ஆறுனதுக்கு அப்பறம் மேலாகப் போட்ட வெதை.”

பாண்டீஸ்வரன் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவளிடமே நீட்டினார்.

சட்டைக் கறை காட்டாமணக்குப் பால் என்றாள் அமுதவள்ளி. பிள்ளைகள் வேலியோரம் போயிருக்கிறார்கள். முட்டை ஊதி அலுத்ததும் காயை உடைத்து, வேர்க்கடலை ருசி இருந்ததால் விதையைத் தின்றிருக்கிறார்கள். அன்று அந்த வகுப்பில் பாடமே நடக்கவில்லை என்பதற்குக் கரும்பலகை சாட்சி.

பிறகு சுரேஷின் பக்கம் திரும்பினாள்.

“ஒன் வகுப்புப் புள்ளைகதான் வண்டியில போச்சு. நீ ஏன் கூடப் போகல சுரேஷ்?”

“பாத்திரம் கழுவணும்னுக்கா.”

“கழுவலையே. காலையில சுண்டல் அப்படியேல்ல இருந்துச்சு.”

சுரேஷ் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தான். துடைத்த கையைக் கீழே இறக்கவே இல்லை. பிறகு அந்தத் துணிக்குள்ளிருந்தே பேசினான். வேலை விஷயமாக ஒரு போன் வந்தது. வகுப்பில் சிக்னல் கிடைக்காமல், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வேலியைத் தாண்டிப் போனான். அவர்களை வேலியோரம் விளையாட விட்டுவிட்டுக் கடற்கரை மேட்டில் நின்று பேசினான். திரும்பி வந்தபோது சிலர் கையில் விதை இருந்தது. அதைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டான். தின்றிருப்பார்கள் என்று அப்போது நினைக்கவில்லை. வெளியே போனதைச் சொல்லக் கூடாது என்று மட்டும் சத்தியம் வாங்கினான்.

“வாந்தி எடுத்ததும்தான் புரிஞ்சுச்சு. டாக்டருக்குத் தெரியணும்னுதான் குண்டான்ல போட்டேன். எம்பேரு வராம தெரியட்டும்னு நெனச்சேன்.”

“காலையில போலீஸ் வந்து தொறக்குற வரைக்கும் டாக்டருக்குத் தெரியாது. ராத்திரி முழுக்க எதுக்கு வைத்தியம் பாக்குறோம்னு தெரியாமலே பாத்திருக்காரு. ஒரு போன் போட்டிருந்தா போதும். ஒம்பேரு வரக்கூடாதுன்னு அவ பேர வர வச்ச.”

பாண்டீஸ்வரன் எழுந்தார். முதலில் மருத்துவமனை, யார் யார் எவ்வளவு நேரம் வேலியோரம் நின்றார்கள் என்று டாக்டரிடம் நீயே சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம் என்று அவனைக் கூட்டிக்கொண்டு போனார். பூமயில் தீர்மானத் தாளை நாலாகக் கிழித்தாள். தண்ணீர்ச் செம்பை மயூரியின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

மூன்று மணிக்கெல்லாம் எல்லாப் பிள்ளைகளும் ஆபத்தைத் தாண்டிவிட்டதாகச் செய்தி வந்தது.

அதைச் சொல்ல அமுதவள்ளி முகாமுக்கே போனாள். மயூரி வாசலில் நின்றுதான் கேட்டாள். உள்ளே வரச் சொல்லவில்லை. நல்லது அக்கா என்றாள். ஐந்தாம் வகுப்பை இனி நீதான் எடுக்க வேண்டும், வருவாயா என்று கேட்டாள் அமுதவள்ளி.

“வருவன். பிள்ளையள் என்ன செய்ததுகள்?” என்றாள். “காலமை எல்லாரும் என்னைப் பாத்துக்கொண்டு நிண்டவை. நீங்களும் நிண்டனீங்கள். ஒரு வார்த்தை கதைக்கேல்லை.”

“கையில ஒண்ணும் இல்லாமப் பேசுனா எடுபடாதுன்னு நெனச்சேன் மயூரி.”

“எடுபடாட்டிலும் கதைச்சிருக்கலாம்.”

அமுதவள்ளி தலையாட்டினாள். மயூரி உள்ளே போய்ப் பையை எடுத்து வந்து, கதவைச் சாத்திவிட்டு, ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாள். வகுப்புக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.