பதில் வரும்வரை

எதிர்மலை குரலைத் திருப்பித் தருவதை நிறுத்தியிருந்தது.

அசோக்குமார் முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை. பொழுது சாய்ந்ததிலிருந்து விடுதியின் கூரைமேல் இருந்த ஒலிபெருக்கி “பூவிழி, வந்துட்டியா?” என்று அவனுடைய குரலிலேயே கேட்பதும், பள்ளத்துக்கு அப்பாலிருந்து மலை அதைக் கொஞ்சம் நனைத்துத் திருப்பி அனுப்புவதுமாக இருந்தது. இப்போதும் ஒலிபெருக்கி கேட்டது, குரல் போனது, திரும்பவில்லை. அங்கே யாரோ நின்று அதைக் கையில் வாங்கிக்கொண்டது போலிருந்தது.

ஜவ்வாது மலையில், நெல்லிவாசல் போகும் வழியில் இருந்த அந்த விடுதிக்கு மறுநாள் திறப்பு விழா. காட்டுக்குள் நடக்கப் போகிற விருந்தாளிகள் இருட்டுவதற்குள் திரும்பாவிட்டால் பெயர் சொல்லிக் கூப்பிடும் கருவி அசோக்குமாரின் படைப்பு. விளம்பரத் தாளில் அதற்கு ‘அறிவார்ந்த மீட்பு அமைப்பு’ என்று பெயர். உள்ளே இருந்தது ஒரே ஒரு லூப். கூப்பிடு, காது கொடு, பதில் இல்லையா, மறுபடி கூப்பிடு. ஆள் வந்து விடுதி வாசல் கேட்டருகே உள்ள பெட்டியில் “வந்துட்டேன்” என்று சொன்னால் சிவப்பு விளக்கு பச்சையாகும், லூப் நிற்கும். இதை முதலாளிக்கு விளங்கவைக்க அவன் ஒரு மத்தியானம் முழுக்கத் திரையில் படம் காட்டினான். கடைசிப் படத்தில் அவனே கைகட்டி நின்றான்.

மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை. பூவிழி நெல்லிவாசல்காரி, நாளை மேடையில் பார்த்து அசந்து போகட்டும் என்றிருந்தான். ஊரிலிருக்கும் அக்கா சின்னக்குழந்தையின் சாமைக் கொல்லையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மத்தியானம் போனவள் இன்னும் வரவில்லை. போனில் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு அப்பால். சரி, இதுவே சோதனை ஓட்டமாக இருக்கட்டும் என்று, எந்தப் பெயரையும் அவன் குரலிலேயே சொல்லும் அந்தக் கருவியில் அவள் பெயரை ஏற்றிவிட்டான்.

காவலாளி தீர்த்தகிரி டார்ச்சோடு வந்து நின்றார்.

“அத நிறுத்துங்க சார். வாங்க, ரெண்டு பேருமா போய்ப் பாக்கலாம்.”

“எதுக்குங்க? மனுசன்னா கூப்ட்டு கூப்ட்டு சலிச்சுப்பான். இது சலிச்சுக்காது.”

“அதான் சார் வம்பே. எங்காளுங்க இருட்டிட்டா ஒரு தபாதான் கூப்புடுவாங்க. பதிலு வரலன்னா தேடிப் போவாங்க. ஒரே மாரி கூப்டுனே இருந்தா அது ஆளு இல்லன்னு பச்சப் புள்ளைக்கும் தெரியும். பூவிழிக்குத் தெரியாதா? இந்நேரம் எங்க பூந்து ஒளிஞ்சுதோ.”

“நீங்க போங்க. சிஸ்டம் பாத்துக்கும்.”

“இன்னா பாத்துக்கும்? டார்ச்சு புடிச்சினு பாறை ஏறுமா உங்க சிஸ்டம்?”

தீர்த்தகிரி மட்டும் போனார். அவருடைய டார்ச் வெளிச்சத்தைப் பனி கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று முடித்தது.

வராந்தாவில் ஈர மண்ணும் ஊறிய புளியும் கலந்த புளித்த வாடை வந்தது. ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் சில்வண்டுகள் அடங்கின, அவையும் பதிலுக்குக் காத்திருப்பதுபோல. பகல் வெளிச்சத்தில், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பதிவு செய்த குரல் அது. அவன் குரல்தான். ஆனால் கவலையே இல்லாத குரல். இருட்டில் மனைவியைத் தேடுகிறவன் இப்படியா கூப்பிடுவான்? நிறுத்திவிடலாமா என்று விரல் கணினிமேல் போனது. நிறுத்தினால் தீர்த்தகிரி சொன்னது சரி என்றாகிவிடும். விரல் திரும்பி வந்தது.

“பூவிழி, வந்துட்டியா?”

“வந்துட்டேன்.”

கேட் பக்கமிருந்து பூவிழியின் குரல். விளக்கு பச்சையானது. ஒலிபெருக்கி அடங்கியது.

அவன் செருப்பில்லாமல் ஓடினான். கேட்டருகே யாருமில்லை. பெட்டியின் முகப்பு மட்டும், யாரோ வாயை ஒட்டிவைத்துப் பேசியதுபோல் ஈரமாக இருந்தது.

போன் அடித்தது. பூவிழி.

“ஏய், எங்க நிக்கற? கேட்டாண்டதானே பேசின?”

“கேட்டா? நான் அக்கா கொட்டாய்ல தனியா இருக்கேங்க.” மூச்சு வாங்கினாள். “இப்பதான் ஒரு கோடு டவர் வந்துச்சு. எதுவோ உங்க கொரல்லயே கூப்டுனே இருந்துச்சு. கதவ சாத்தி தாழ்ப்பா போட்டுட்டு உக்காந்துட்டேன். நல்லவேள, நின்னுபோச்சு.”

“பூவிழி, அது நான்தான்...”

“தெரியுதுங்க.” சிரித்தாள். “இப்ப வெளிய வந்து ஒரே ஒரு தபா கூப்ட்டீங்க பாருங்க, அப்பதான் எனக்கு உசுரே வந்துச்சு. கதவாண்ட நின்னுனு எதுக்கு போன்ல பேசறீங்க? இருங்க, தெறக்கறேன்.”

அவளைப் பயமுறுத்தி உள்ளே வைத்திருந்தது அந்த லூப் ஒன்றுதான். அதை நிறுத்தத்தான் ஏதோ ஒன்று இங்கே வந்து பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.

“தெறக்காத.”

“இன்னா?”

“தெறக்காத. தெறக்காத. தெறக்காத. தெறக்காத...”

வேறு சொல் வரவில்லை, அவனுடைய லூப்பைப் போலவே.

மறுமுனையில் சிரிப்பு நின்றது. பிறகு, மிக மெதுவாக:

“யாரு நீ?”

“தெறக்காத. தெறக்...”

போனைத் தூக்கி எறிந்திருப்பாள். மண்தரையில் அது விழுந்தது. ஓடும் கால்கள். கதவை நோக்கி.

தாழ்ப்பாள் விலகியது.

போனுக்குள் அவன் குரல். பகல் வெளிச்சம்போல, கவலையே இல்லாமல்.

“வந்துட்டேன்.”

பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.