அம்புக்குறி பார்த்தது

வீட்டு லேப்டாப்பின் அம்புக்குறி அசைந்திருக்கவே கூடாது. காலையில் படுக்கையறை மேசைமேல் அதைத் திறந்தபடி வைத்துவிட்டு வந்தவள் அவள்தான். கணவர் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தார், மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். ஆளில்லாத வீட்டில் ஓர் இணையப் பக்கம் சும்மா திறந்து கிடந்தால் இந்தப் புதுக் கருவி அதை எப்படிப் பதிவு செய்கிறது என்று பார்ப்பதுதான் அன்றைய சோதனை. ஒன்றுமே நடக்காத ஒரு பதிவு கிடைக்கும், அதை ஓரிரு வரியில் அறிக்கையில் எழுதிவிட்டு மழை வலுக்கும் முன் வீட்டுக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

அவள் வேலை பார்க்கும் நிறுவனம் வீட்டுக் கதவுக்கான பூட்டும் கேமராவும் விற்கிறது. வாங்கியவர்கள் எங்கிருந்தாலும் இணையப் பக்கத்தைத் திறந்து தங்கள் ஹாலைப் பார்க்கலாம். படத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் இரண்டு பொத்தான்களால் கதவைத் திறக்கலாம், பூட்டலாம். அந்தப் பக்கத்தில் மக்கள் எங்கே திணறுகிறார்கள் என்று கண்டுபிடிக்கத்தான் இந்தக் கருவி. பயன்படுத்துகிறவர் அம்புக்குறியை எங்கே நகர்த்தினார், எதை அழுத்தினார், எந்த இடத்தில் எரிச்சலில் சும்மா தட்டித் தள்ளினார் என்று எல்லாவற்றையும் பதிந்து, படம் ஓட்டுவதுபோல ஓட்டிக் காட்டும். வாங்கலாமா வேண்டாமா என்று அவள் சொல்ல வேண்டும். மேலாளருக்கு "நாளைக்குக் குடுத்துடும்மா" என்பதைத் தவிர வேறு வாக்கியம் தெரியாது. அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'நாளைக்கு'.

ஒன்றை மட்டும் கருவி காட்டாது. கேமராப் படம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம்தான் தெரியும். அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது நமக்கு எதற்கு என்று அவளே அப்படி அமைத்திருந்தாள். ஆனாலும் சோதனைக்குச் சம்மதித்த வீடுகளின் பதிவுகளைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒரு வித்தை கைவந்திருந்தது. மனிதர்கள் கண் போகிற இடத்துக்கெல்லாம் அம்புக்குறியையும் கையோடு கூட்டிக்கொண்டு போகிறார்கள். சாம்பல் கட்டத்துக்குள் அது தரையோடு ஓடிச் சட்டென்று தாவினால் அந்த வீட்டில் பூனை இருக்கிறது. இரண்டடி போய் நின்று, தள்ளாடி, மறுபடி போனால் நடை பழகும் குழந்தை. சோபா உயரத்தில் போய் அப்படியே உட்கார்ந்துவிட்டால் வீட்டுக்காரர் டிவி முன்னால் சாய்ந்துவிட்டார், வேலையிடத்திலிருந்து அதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது அவர் மனைவி. இதைச் சொன்னபோது, அலுவலகத்தில் சர்வர் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து மேசை அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

இன்று அவள் வீட்டுப் பதிவு. வெகுநேரம் அம்புக்குறி கட்டத்தின் நடுவில் செத்துக் கிடந்தது. அவள் வேகமாக ஓட்டினாள். ஈரக் கம்பளமும் ஆறிப்போன காபியும் கலந்து நாறிய அந்த அலுவலக அறையில், ஏசி ஒரு மூலையில் சொட்டிக்கொண்டிருக்க, ஜன்னலுக்கு வெளியே சாயங்கால வெளிச்சம் மழையில் கரைந்து தெருவிளக்குகளோடு ஒன்றாகிக்கொண்டிருக்க, பாதி நாற்காலிகள் காலியாகி, மீதியிருந்தவர்களும் குடையைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், அம்புக்குறி நகர்ந்தது.

மெதுவாக நகர்ந்தது. கட்டத்தின் இடது ஓரத்திலிருந்து தொடங்கியது. அவள் வீட்டுக் கேமராவில் அது வாசல் கதவு. அங்கிருந்து தரையோடு ஊர்ந்து சோபாவரை வந்து நின்றது. பிறகு சோபாவைச் சுற்றி, டிவிக்கு முன்னால் சற்று நேரம் இருந்து, வலது பக்கச் சுவரை அடைந்து, நிற்காமல் மேலே ஏறியது. கட்டத்தின் மேல் விளிம்புவரை. அவள் வீட்டில் அது சீலிங். சீலிங்கிலேயே நடந்து மறுபடி வாசல் கதவுக்குமேல் போய் அங்கேயே தங்கிவிட்டது.

பக்கத்து மேசைக்குத் திரும்பினாள்.

"அண்ணா, இதக் கொஞ்சம் பாருங்களேன். வீட்டுல யாருமே இல்ல. ஆனா அம்பு நகருது."

சர்வர் அண்ணன் எட்டிப் பார்த்தார். "டச்பேட்ல கரப்பான் ஏறியிருக்கும்மா. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு, என்னைவிட நல்லா டைப் அடிக்கும்."

"கரப்பான் சோபாவச் சுத்தி வருமா?"

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சரி, இரு. வேற யாராவது உள்ள நுழைஞ்சிருக்கானான்னு பாக்கறேன்." அவர் தட்டிப் பார்த்தார். "உன் கணக்குல ரெண்டு பேர்தான். ஒண்ணு இங்க நீ. இன்னொண்ணு உன் வீட்டு லேப்டாப். வெளியாள் யாரும் இல்ல."

அதைக் கேட்டு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பதிவின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி மினுங்கிக்கொண்டிருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள். பதிவு இன்னும் முடியவில்லை, இந்த நிமிடமும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அதை அழுத்தினாள். நேரலை வந்தது. அம்புக்குறி இப்போது கட்டத்தின் வலது ஓரத்தில் இருந்தது. படுக்கையறைக் கதவின்மேல். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, கதவை முழுவதுமாகத் தடவிப் பார்ப்பதுபோல ஊர்ந்துகொண்டிருந்தது.

இந்நேரம் மகள் பள்ளியிலிருந்து வந்திருப்பாள்.

அவசர அவசரமாகத் திரையில் இன்னொரு சன்னலில் தன் கேமராப் பக்கத்தைத் திறந்தாள். இதில் சாம்பல் கட்டம் கிடையாது, நிஜப் படம். ஹால் விளக்கு எரிந்தது. சோபாமேல் பள்ளிப் பை. ஈரக் காலுறைகள், வழக்கம்போல ஒன்று இங்கே ஒன்று அங்கே. படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. அதன் முன்னால் யாரும் இல்லை, எதுவும் இல்லை. அவள் இரண்டு சன்னல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். வலது பக்கம் வெறும் கதவு. இடது பக்கம் அதே கதவை அம்புக்குறி விடாமல் தடவிக்கொண்டிருந்தது.

வாலுதான் விளையாடுகிறாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மகளுக்கு வாலு என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. லேப்டாப்பும் அந்த அறையில்தான் இருக்கிறது. அதட்டுவதற்குத் தயாராகத்தான் போன் செய்தாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"அம்மா." குரலே இல்லை, வெறும் காற்று. "எப்பம்மா வருவ?"

"லேப்டாப்ல என்னடி பண்ற?"

"நான் தொடலம்மா. ஹால்ல சத்தம் கேட்டுச்சு. கேமராவுல பாத்தேன், ஒண்ணும் தெரியல. ஆனா அம்பு தானா நகருதும்மா. நான் கட்டிலுக்கு அடியில இருக்கேன்."

"என்ன சத்தம்?"

"சுவத்துல… ஈரத்துணிய ஒட்டி ஒட்டி எடுக்கற மாதிரி."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். நாற்காலி பின்னால் உருண்டு போய் எதிலோ மோதியது. சர்வர் அண்ணன் அவள் முகத்தைப் பார்த்த பிறகு கரப்பானைப் பற்றிப் பேசவில்லை. அவள் எண்ணைச் சொல்ல, எதிர்வீட்டு அக்காவை அவர் தன் போனில் அழைத்தார். அக்கா வீட்டில் இருந்தாள், நல்லவேளை. இதோ வருகிறேன், கதவைத் தட்டுகிறேன் என்றாள்.

ஆனால் தட்டினால் திறக்க மகளால் முடியாது. மணியடித்தவர்களுக்கெல்லாம் வாலு கதவைத் திறந்துவிடுகிறாள் என்று, பூட்டில் இருக்கும் குழந்தைக் காப்பை அவளே போட்டிருந்தாள். அதைப் போட்டால், வெளியிலிருந்து மகளின் கைரேகைக்குத் திறக்கும் கதவு, உள்ளே இருந்து கைப்பிடியைத் திருகினாலும் திறக்காது. இணையப் பக்கத்தில் 'திற' என்று அம்மாவான அவள் அழுத்த வேண்டும். அந்த வசதியை வாடிக்கையாளர்களுக்கு விளக்கி நாலு பக்கம் எழுதியவளும் அவள்தான். இப்போது அதை நினைக்க அவள்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"அண்ணா, வீட்டு லேப்டாப்ப என் கணக்குலேர்ந்து வெளிய தள்ளுங்க."

"தள்ளிடறேன், இரு."

போனில் மகளின் மூச்சு. அதற்குப் பின்னால் மழை. மழைக்குள் இன்னொன்று, மெத்தென்று ஒட்டி, மெதுவாகப் பிரிந்து, மறுபடி ஒட்டும் ஒரு சத்தம். அழுதால் மகளுக்குக் கேட்கும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

எதை நம்புவது? கேமரா ஹால் காலி என்கிறது. கண்ணால் பார்ப்பதும் அதைத்தான் சொல்கிறது. இந்தச் சாம்பல் கட்டமோ, காலி இல்லை என்கிறது. அவளால் கேமராவை நம்ப முடியவில்லை. இத்தனை நாள் பார்த்த பூனைகளையும் குழந்தைகளையும் சோபா ஆசாமிகளையும் இந்த அம்புக்குறி ஒரு தடவைகூடத் தவறாகக் காட்டியதில்லை. அது இருக்கும் இடத்தில்தான் அந்த ஏதோ ஒன்று இருக்கிறது. அப்படியானால் அது நகரும்வரை காத்திருக்க வேண்டும்.

அம்புக்குறி கதவை விட்டது. சுவரில் ஏறியது. சீலிங் வழியாக மெல்ல மெல்ல, வாசலுக்கு எதிர்த்திசையில், சமையலறை மூலைக்குப் போனது. அங்கே ஒடுங்கிக்கொண்டது. வாசலுக்கும் அதற்கும் நடுவே முழு ஹாலும் இருந்தது.

போனில் எதிர்வீட்டு அக்கா கதவைத் தட்டுவது தூரமாகக் கேட்டது.

"வாலு, அம்மா சொல்றதக் கேளு. அக்கா வெளிய நிக்கறாங்க. நான் கதவத் தெறந்துட்டேன்." அழுத்தினாள். வாசல் கதவில் பச்சை விளக்கு எரிந்தது. "மேல பாக்காத. எதையும் பாக்காத. ஓடிப் போய்க் கதவ இழு. ஓடு!"

வலது சன்னலில் படுக்கையறைக் கதவு திறந்தது. மகள் வந்தாள். பள்ளிச் சீருடை, வெறுங்கால், காதோடு அழுத்திப் பிடித்த போன். ஓடினாள். சோபாவைத் தாண்டினாள். பையில் இடறினாள், விழவில்லை. இடது சன்னலில் அம்புக்குறி மூலையிலேயே இருந்தது. அசையவில்லை. நல்லது. அப்படியே இரு. அங்கேயே இரு.

மகள் கைப்பிடியைத் தொட்டாள்.

அம்புக்குறி பாய்ந்தது. ஹாலுக்குள் இல்லை. கட்டத்தை விட்டே வெளியே வந்தது. நேராகப் பொத்தான்களுக்கு.

'பூட்டு.'

போனில் அந்தச் சத்தம் கேட்டது. அவள் கேட்டுக் கேட்டுப் பழகிய அந்தச் சின்ன 'டக்'.

"அம்மா, தெறக்கல."

அவள் 'திற' அழுத்தினாள். அது 'பூட்டு' அழுத்தியது. அவள் திற. அது பூட்டு. அவள் விரல் வழுக்கியது. அவளுக்கு முன்னால் அது போனது. ஒவ்வொரு தடவையும் முன்னால்.

"வெளிய தள்ளுங்கண்ணா! சீக்கிரம்!"

"எப்பவோ தள்ளிட்டேம்மா." சர்வர் அண்ணனின் குரல் உடைந்திருந்தது. "உன் கணக்குல இப்ப நீ மட்டும்தான் இருக்க."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூலையில் ஒடுங்கியது பயந்து இல்லை. வழிவிட்டது. கட்டிலுக்கு அடியிலிருந்து பிள்ளையை வெளியே கொண்டுவர அதற்கு ஒரு குரல் தேவைப்பட்டது. அந்தக் குரலை அவள் கொடுத்திருந்தாள்.

பொத்தானை விட்டு அம்புக்குறி நிதானமாகக் கட்டத்துக்குள் திரும்பியது. சமையலறை மூலை. சீலிங். அங்கிருந்து வாசலை நோக்கி.

எதிர்வீட்டு அக்கா தோளால் கதவை இடித்துக்கொண்டிருந்தாள். "கண்ணு, தெறடா! தெற!"

மகள் கதவை இழுப்பதை நிறுத்தினாள். திரும்பினாள். கதவில் முதுகை ஒட்டிக்கொண்டாள். போன் கையிலிருந்து விழுந்தது.

அலுவலகத்தில் நின்றபடி அவள் கத்தினாள். போன் தரையில் கிடந்தது. கத்தியது யாருக்கும் கேட்டிருக்காது.

வலது சன்னலில் வெளிச்சமான, காலியான ஹால். அதில் மகளின் முகம் மட்டும் மெதுவாக நிமிர்ந்தது. அவள் கண்கள் எதையோ பின்தொடர்ந்தன. மூலையிலிருந்து. சீலிங் விளக்கைச் சுற்றிக்கொண்டு. இந்தப் பக்கம்.

இடது சன்னலில் அம்புக்குறி. அதே வழி. அதே வேகம்.

மகளின் தலைக்கு நேர் மேலே வந்து நின்றது.

மகள் அண்ணாந்து பார்த்தபடி இருந்தாள். வாய் திறந்திருந்தது.

பிறகு அம்புக்குறி நேராகக் கீழே இறங்கத் தொடங்கியது.