கைத்தறிக் கடையின் ஊமை இயந்திரம்

பதியுதீன் ஹாஜியார் மூச்சிரைக்க வந்து ஹுஸ்னியாவின் முன் கதிரையில் அமர்ந்தார்.

"மகள், என்ட கடைய ஊமையாக்கிப் போட்டான். பின்னேரம் அசறுத் தொழுகைக்குப் பிறகு பெருநாள் விற்பனை. ஒன்லைன்ல ஒரு கைத்தறிச் சாறன்கூட வாங்கேலாம இரிக்கி. எல்லாம் கடையில கம்பியூட்டர் பார்க்கிற அஹ்ஸன்ட வேலை. நெட்வேர்க் போட்டதும் அவன்தான். லீவு குடுக்கல்லெண்டு முறைச்சுக்கிட்டுத் திரிஞ்சான். இண்டைக்கே அவன நிப்பாட்டப் போறன்."

கல்முனையில் கணினி வலையமைப்புகளின் கோளாறுகளைத் துப்பறிகிறவள் ஹுஸ்னியா. பிளேன்ரீயை நிதானமாகக் குடித்து முடித்தபின்தான் எழுந்தாள். அவளுடைய தம்பியும் உதவியாளனுமான றிபாத் அதற்குள் மோட்டார் சைக்கிளைக் கிளப்பியிருந்தான்.

மருதமுனைக் கடையில் நூல்கட்டுகள் கருநீலத்தில் தொடங்கி வெள்ளைவரை, விடியும் வானத்தைப் போல அடுக்கப்பட்டிருந்தன. முதல்நாள் கொழும்பு வியாபாரிகள் வந்துபோனதால் எல்லாம் பளபளத்தது. உள்ளறையில் இரண்டு சேர்வர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் தனித்தனிக் கணினிகள் போல ஓடும் சில மெய்நிகர் இயந்திரங்கள். முதலாவதில் இணையக் கடை, இரண்டாவதில் சரக்கிருப்பு. இரண்டையும் வயர்களால் இணைக்கும் நெட்வேர்க் சுவிச்சில் விளக்குகள் பச்சையாக மினுங்கின. எதையும் தொட அனுமதியில்லாமல் அஹ்ஸன் மூலையில் நின்றான்.

"வைரஸ், ராத்தா," என்றான் றிபாத்.

ஹுஸ்னியா விசைப்பலகையில் சிறிதுநேரம் தட்டிப் பார்த்தாள். "ஒரே சேர்வருக்குள்ள இரிக்கிற மெஷினெல்லாம் நல்லாக் கதைக்குது. அடுத்த சேர்வருக்குத்தான் பேச்சுப் போகல்ல. வைரஸ் இப்படி எல்லை பார்க்குமா?"

"அப்ப வயர் அறுந்திரிக்கி."

"அறுந்தா விளக்கு எரியாது."

"அப்ப இவன் செட்டிங்க மாத்தியிருக்கான்."

"கடைசியா மாத்தினது போன மாசம். அதுக்குப் பிறகு ஒழுங்கா ஓடியிருக்கு."

அவள் சுவிச்சின் முன் குந்தினாள். இடப்பக்கம் நீல வயர்கள், நடுவில் மஞ்சள், வலப்பக்கம் வெள்ளை. மெல்லச் சிரித்தாள்.

"இந்தச் சுவிச்சுக்குள்ள அஹ்ஸன் ரெண்டு ஒழுங்கை போட்டிருக்கான். வீலேன் எண்டு சொல்றது. ஒண்டு ஒபிஸுக்கு, மத்தது கடைக்கு. வயர் கொழுவுற முதல் போர்ட்டும் கடைசிப் போர்ட்டும் ரெண்டு ஒழுங்கையும் சேர்ந்து போற பெருந்தெரு. மத்ததெல்லாம் ஒபிஸ் ஒழுங்கை மட்டும். கடைசிப் போர்ட்டில இருக்கவேண்டிய ரெண்டாவது சேர்வர்ட நீல வயர ஆரோ ரெண்டாம் போர்ட்டில கொழுவியிருக்காங்க. விளக்கு எரியும், கடைப்பேச்சுப் போகாது."

"ஆர் ராத்தா?"

"கோபக்காரன் இவ்வளவு வடிவா அடுக்கமாட்டான். நெட்வேர்க் தெரிஞ்சவன் நிறம் பார்த்துக் கொழுவமாட்டான். இது நூலடுக்கிப் பழகின கை. விருந்தாளி வாறாங்கெண்டு நேத்து இந்த அறையத் துடைச்சது ஆர், ஹாஜியார்?"

ஹாஜியார் தாடியைத் தடவினார். "வெள்ளை வரிசையில ஒரு நீலம்... கண்ணுக்குள்ள குத்திச்சி, மகள்."

முதலில் றிபாத்துக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அஹ்ஸனாலும் அடக்க முடியவில்லை.

ஹாஜியார் அந்த வயரைக் கழற்றி அவனிடம் நீட்டினார். "நீயே கொழுவு மகன். இனி இந்த அறைக்கு நான் வாறதெண்டா உன்னக் கேட்டுத்தான்."

கொழுவிய சற்று நேரத்தில் சரக்கிருப்பு பேசியது. பொத்துவிலில் யாரோ இரண்டு சாறன் வாங்கினார்கள்.

"லீவு என்னத்துக்குக் கேட்ட நீ?" என்றார் ஹாஜியார்.

"அட்டாளைச்சேனைக்கு... பொண்ணு பார்க்க, ஹாஜியார்."

ஹாஜியார் தலையில் கைவைத்தார். "அத முதல்ல சொல்றதில்லையா? நாளைக்குப் போ. நானும் வாறன், உன்னப் பத்தி நல்லதாச் சொல்ல ஒரு ஆள் வேணும்."