கொண்டையூசி வளைவு முனியப்பன்

“சாமி என் ஜீப்புல குளிச்சுட்டு, தன் சொந்தப் பேரை எழுதிக் காட்டுச்சு!”

குப்பண்ணன் இப்படிச் சொன்னதும் அந்தியூர் டீக்கடையே குலுங்கிச் சிரித்தது. பஸ் ஓட்டுவதிலிருந்து ஓய்வு பெற்றவர். புளுகுவதிலிருந்து இன்னும் ஓய்வு பெறாதவர். மூலையிலிருந்த சாலை மேற்பார்வையாளர் சென்னியப்பன் மட்டும் சிரிக்கவில்லை.

நடந்தது இதுதான்.

எழுத்தாளர் எல்லைவாசன் கர்நாடக எல்லைக் காடுகளில் அலைந்து அலைந்து எழுதியவர். பர்கூர் மலைப்பாதையோரம் அவர் தங்கி எழுதிய இடத்தில் வாசகர்கள் ஒரு கல் நட்டிருந்தார்கள். பல வருடங்களுக்கு முன் சாலையை அகலப்படுத்திய பிறகு அதைக் காணவில்லை. அவர் மகள் மாதேஸ்வரி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, அங்கே நினைவுப் பலகை வைக்க அனுமதி வாங்கினார்.

சென்னியப்பனோ உதட்டைப் பிதுக்கினார். “கல்லைக் காட்டுங்கம்மா, பலகையை நடறேன். இன்னிக்கு சாயங்காலத்தோட பலகை நடற வேலை முடியுது, அப்புறம் இது கிடங்குக்குப் போயிரும். எனக்கென்னவோ அப்படியொரு கல்லே இருந்த மாதிரி தெரியலீங்க.”

“ஏறுங்க அம்மிணி! இமயமலைக்கே டாப் கியர்ல போனவன் நானு!” என்று தன் ஜீப் கதவைத் திறந்தார் குப்பண்ணன்.

மலையேறும் எந்த வண்டியும் கொண்டையூசி வளைவு முனியப்பனுக்குத் தேங்காய் உடைக்காமல் நகராது. மஞ்சளும் எண்ணெயும் அப்பி, சிவப்புத் துண்டு கட்டிய கல்சாமி. “கல்லைக் கண்ணுல காட்டுப்பா!” என்று குப்பண்ணன் ஓங்கி உடைத்தார்.

மாதேஸ்வரி முகம் சுளித்தார். “எங்கப்பாவுக்கு இதெல்லாம் ஆகவே ஆகாதுங்கண்ணா.”

அப்பா நடந்த பழைய வண்டித்தடத்தில் இறங்கித் தேடினார்கள். உண்ணிச்செடி முள் சேலையைக் கிழித்தது. அதோ கல்! ஓடினால், கரையான் புற்று. இதோ கல்! தொட்டால், வனத்துறை எல்லைக்கல். அடுத்த கல் காதை ஆட்டியது!

“யானை! ஓடுங்க!”

குப்பண்ணன் ஓடிய வேகத்தில் அவர் நிழல் பின்தங்கிவிட்டது. ஒரு செருப்பும் போயிற்று. வெயில் இறங்கியது. கல் மட்டும் இல்லை.

“போதுங்கண்ணா. ஊரே மறந்துட்ட மனுசனை நான் ஒருத்தி தேடி என்ன ஆகப்போகுது?” மாதேஸ்வரி கிழிந்த சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.

திரும்பும் வழியில் ஜீப் கொதித்துப் புகைந்து, சரியாக முனியப்பன் முன்னால் நின்றது. குப்பண்ணனுக்கு எரிச்சல் தலைக்கேறியது.

“முழுத் தேங்காயை வாங்கிக்கிட்டு ஏமாத்திட்டியே சாமி!” என்று கத்திக்கொண்டே ரேடியேட்டர் மூடியைத் திருகினார்.

“சூடா இருக்கும், திறக்காதீங்க!” என்று பதறினார் மாதேஸ்வரி.

புஸ்ஸ்ஸ்! வெந்நீர் பனைமர உயரத்துக்குப் பீறிட்டு, அப்படியே சாமி மேல் விழுந்தது. துண்டு பறந்தது. காலகாலமாக அப்பியிருந்த எண்ணெயும் மஞ்சளும் கட்டி கட்டியாக வழிந்தன. அடியில் எழுத்துகள்!

‘எல்லைவாசன் இங்கே தங்கி எழுதினார்.’

மாதேஸ்வரி சாலையோரமே உட்கார்ந்து அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். “யாரும் மறக்கலீங்கண்ணா... தெனமும் தேங்காய் உடைச்சிருக்காங்க! அப்பா பார்த்திருந்தா எழுந்து அடிக்க வந்திருப்பாரு!”

கிடங்குக்குப் போகும் வழியில் பலகையோடு வந்த சென்னியப்பன் பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றினார். கல்லைப் பார்த்தார். உடனே குழி தோண்டினார். அடுத்து வந்த லாரிக்காரர் பலகையைப் படித்துவிட்டு, கல்லின் பின்பக்கத்தில் மஞ்சள் பூசினார்.

“இனிமே காட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி, வண்டி நிக்கற இடத்தையும் ஒருக்கா பார்த்துக்கலாமுங்கண்ணா” என்றார் மாதேஸ்வரி.

டீக்கடையில் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. சென்னியப்பன் டம்ளரைக் கீழே வைத்தார்.

“நடந்ததுதானுங்க. சாமின்னு நெனச்சு வாராவாரம் அந்த எழுத்து மேல மஞ்சள் பூசினதே நானுங்க.”