சுண்ணாம்புப் பொடவில் ஓர் ஆடிப் பதினெட்டு

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்த பஸ் வாளையாரில் எங்களை இறக்கிவிட்டபோது, சம்பந்தி வீட்டுக்கென்று கட்டிய கச்சாயப் பலகாரக் கூடை பாதியாகியிருந்தது. ரோட்டின் குலுக்கலில் கொட்டிவிட்டது என்றேன். பெண்கள் சீட்டிலிருந்து இறங்கிய தங்கை சாந்தம்மாள் என் தொந்தியைப் பார்த்தாள்.

"கொட்டுன எடம் தெரியுதுங்ணா."

போன வருஷம், எழுபத்து மூன்று. வைகாசியில்தான் அவளுக்குக் கல்யாணம். ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு வந்தவளை, பதினெட்டாம் நாளுக்காக மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துப்போவது அண்ணனான என் வேலை. மாப்பிள்ளை அர்த்தநாரி சாது. நான் சொல்லும் மட்டமான ஜோக்குகளுக்கெல்லாம் சிரிப்பான். அதனாலேயே அவனை எனக்குப் பிடிக்கும். வேறு யாரும் சிரிப்பதில்லை.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். புது ஜோடி ஆடிப் பதினெட்டன்று மலைப் பொடவுக்குள் போய், அங்கே விழும் அருவியில் நனைந்து வர வேண்டும். பொடவு என்றால் குகை இல்லை. சுண்ணாம்புக்கல் மலை உச்சியிலிருந்து அடிவரை பிளந்த ஒரு பிளவு. ஒருக்களித்துத்தான் நுழைய முடியும். தலைக்கு மேலே வானம் நூல்போலத் தெரியும், பிறகு அதுவும் தெரியாது. கணுக்கால் அளவுக்கு வெள்ளைத் தண்ணீர். புதிதாய் வெள்ளையடித்த வீட்டைப் பூட்டிவைத்துத் திறந்தால் வருமே, அந்த வாடை.

பொடவு வாசலில் மாப்பிள்ளையின் அம்மா சரஸ்வதியம்மாள் அவன் துண்டையும் சாந்தாவின் முந்தானையையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்.

"வெளிய வர்ற வரைக்கும் இதை அவுக்கக் கூடாது. வந்த பொறகு உள்ளிருந்து ஆரு கூப்பிட்டாலும் பதில் சொல்லக் கூடாது. பொடவு நம்ம ஊட்டு ஆளுக கொரல்லயே கூப்புடும்."

"நீங்களும் வாங்க மச்சான்" என்றான் அர்த்தநாரி.

"நான் நுழைஞ்சா மலைக்கு இன்னொரு வெடிப்பு உழுகும், மாப்ளை."

சிரித்துக்கொண்டே உள்ளே போனான். பின்னாலேயே சாந்தா. மாற்றுத் துணியோடு நான் வாசலில் உட்கார்ந்தேன்.

அருவியின் இரைச்சல் பாறை வழியாக என் பல்லுக்குள் ஏறியது.

வெகுநேரம் கழித்து முதலில் சாந்தா வந்தாள். முந்தானை பின்னால் இழுபட்டுக்கொண்டிருந்தது. முடிச்சின் மறுமுனையில் மாப்பிள்ளை. தலைமுதல் கால்வரை வெள்ளை வழிந்தது. உலர்ந்த வேட்டியைக் கொடுத்தபோது விரல்கள் பட்டன. குளிர். அருவியில் நனைந்தவன் வேறெப்படி இருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

"என்ன மாப்ளை, கல்யாணத்துக்கு வெள்ளையடிச்சது பத்தலையா?"

அவன் சிரிக்கவில்லை.

சாந்தாதான் பேசினாள். "பாதி வழியில முடிச்சு அவுந்துருச்சுங்ணா. கும்மிருட்டு. பயந்து போயி ஏனுங்க, ஏனுங்கன்னு கூப்புட்டேன். பக்கத்துல வந்து மறுபடியும் முடிச்சுப் போட்டுட்டாரு."

"பேரைச் சொல்லிக் கூப்புட்டியா?"

"கட்டுனவரு பேரை எப்படீங்ணா சொல்றது?"

எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டாள். நாக்கில் வராது. ஆனால் ஏனுங்க என்று கூப்பிட்டால், இருட்டில் யார் வேண்டுமானாலும் வரலாமே.

அப்போதுதான் கேட்டது.

"மச்சான்..."

பொடவுக்குள்ளிருந்து, அர்த்தநாரியின் குரலில்.

மகனின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த சரஸ்வதியம்மாளின் கை நின்றது. வெளியே நின்றவன் முகத்தைப் பார்த்தார். பிளவைப் பார்த்தார். பிறகு மறுபடியும் துவட்டத் தொடங்கினார்.

"பதில் சொல்லாதீங்க தம்பி" என்றார் மெல்ல. "அது அப்படித்தான் கூப்புடும். நாங்க முன்னால போறோம்."

அவர்கள் இறங்கினார்கள். நான் உள்ளே நுழைந்தேன்.

வயிற்றை எக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கன்னம் பாறையில் உரச நகர்ந்தேன். வெளிச்சம் போனது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. அடுத்த அடியில் என் உடம்பு சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. வாழ்நாள் முழுக்க ஊரைச் சிரிக்கவைத்த தொந்தி.

கையை மட்டும் நீட்டினேன்.

இருட்டில் இன்னொரு கை அதைப் பற்றியது.

சூடான கை.

"மச்சான், முடிச்சு அவுந்துருச்சு." மூச்சு வாங்கியது. "என் காலை என்னமோ புடிச்சிருக்குது. சாந்தா வந்துட்டாளா?"

"வந்துட்டா மாப்ளை. நீ கையை உட்டுராத."

"தனியாவா வந்தா?"

என்ன சொல்ல? இந்த இருட்டில், இந்த நிலையில், அவனிடம் உண்மையை எப்படிச் சொல்ல?

"தனியாத்தான். வெளிய உக்காந்து உனக்காக அழுதுட்டிருக்கறா."

அந்தக் கை அப்படியே தளர்ந்தது. நிம்மதியில் தளரும் கை எனக்குத் தெரியும்.

"அப்பச் சரீங்க" என்றான்.

என் விரல்களுக்குள் வெறும் தண்ணீர்.

தோல் உரிய உரியப் பின்வாங்கி வெளியே விழுந்து ஓடினேன். மலையடி வாய்க்கால் வரப்பில் அவர்களைப் பிடித்தேன். சாந்தாவின் முந்தானையைப் பற்றி முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். காரை பூசியதுபோல் இறுகிக் கிடந்தது.

"அபசகுனமா என்னங்ணா பண்றீங்க?" என்று என் கையைத் தட்டிவிட்டாள். அவள் கண்ணில் கோபம். புதுப்பெண்ணுக்குரிய நியாயமான கோபம்.

சரஸ்வதியம்மாள் என் ரத்தம் கசியும் கையைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்னால் நடந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

முடிச்சின் மறுமுனையில் இருந்தவன் என் பக்கம் குனிந்தான். சுண்ணாம்பு வாடை. முதல்முறையாக வாய் திறந்தான். குரல் அர்த்தநாரியுடையதுதான்.

"நல்ல காரியம் பண்ணுனீங்க மச்சான். நீங்க மட்டும் நெசத்தைச் சொல்லியிருந்தீங்கன்னா, அவன் கையை உட்டிருக்கவே மாட்டான்."

போன மாதம் வளைகாப்புக்குப் போயிருந்தேன். நான் எவ்வளவு சொல்லியும் சாந்தா எதையும் நம்புவதாக இல்லை. நல்ல மனுசன், அதிர்ந்து பேச மாட்டார் என்கிறாள். சரஸ்வதியம்மாள் யாரோடும் பேசுவதே இல்லையாம்.

குழந்தை உதைக்கிறதா என்று கேட்டேன்.

"உதைக்கறதில்லீங்ணா" என்று வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தாள். "படுத்தா அருவிச் சத்தந்தான் கேக்குது."