கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்

அந்த வீட்டில் நாற்றமே இல்லை. சின்னவளுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

வேறு யாராக இருந்தாலும் நல்லதாகப் போயிற்று என்று அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். ஆனால் ஓர் உயிர் படுத்த படுக்கையாகக் கிடக்கும் வீட்டில் என்னென்ன மணக்கும் என்பது சின்னவளுக்கு அத்துப்படி. புண்ணுக்குப் போடும் களிம்பு, நனைந்து காய்ந்து மறுபடி நனைந்த விரிப்பு, எவ்வளவு தேய்த்தாலும் தரையை விட்டுப் போகாத மூத்திர வாடை, அதை மறைக்கக் கொட்டிய பவுடர், எல்லாம் சேர்ந்து கதவைத் திறந்ததுமே முகத்தில் அடிக்கும். அவள் வீட்டில் இரண்டு வருடமாக அடிக்கிறது. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து, பேச்சும் வலது பக்கமும் போன நாளிலிருந்து அந்த வாடை அவளுடைய துப்பட்டாவில் ஏறிக் கல்லூரி வரைக்கும் போய்வருகிறது. இந்த வீட்டிலோ அடைத்துவைத்த அறையின் புழுக்கம்கூட மூக்கில் ஏறவில்லை. யாரும் குடியேறாத வீட்டில் நிற்பதுபோல இருந்தது.

சின்னவள் சமூகப்பணி படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தாள். வாரத்தில் பாதி நாள் வகுப்பு, மீதி நாள் களப்பணி. அவளை அனுப்பியிருந்த தொண்டு நிறுவனத்தின் வேலை கொஞ்சம் விசித்திரமானது. நோயாளியை விசாரிக்க டாக்டர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார். நோயாளியைப் பார்த்துப் பார்த்தே தேய்ந்துபோகிறவளை விசாரிக்கத்தான் நாதியில்லை. அப்படிப்பட்டவர்களின் வீடுகளுக்குப் போய், சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா, மனசுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டுவருவதுதான் இவள் வேலை. ஊரில் உள்ள அக்காக்களையெல்லாம் தூங்கினீர்களா என்று கேட்டுவிட்டு வீடு திரும்புகிறவள், சொந்த அக்காவிடம் அதைக் கேட்பதில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும்.

அம்மாவைப் பார்த்துக்கொள்வது அக்காதான். இந்தப் படிப்பு முடிந்து அதே நிறுவனத்தில் வேலை கிடைத்துவிட்டால் பாதி நேரத்துக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம் என்பது சின்னவள் கொடுத்திருந்த வாக்கு. அதுவரை அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும். அதற்கும் இப்போது வழியில்லை. ஒரு மாதமாகக் கடைவாய்ப் பல் வீங்கி, ஒரு பக்கத்துக் கன்னம் உப்பிக் கிடந்தது. அம்மாவை யாரிடம் விட்டுவிட்டுப் பல் டாக்டரிடம் போவது?

"இன்னிக்காவது இருட்டுறதுக்குள்ள வந்துடு. இல்லன்னா கதவிடுக்குல வெச்சு நானே பிடுங்கிக்கறேன்," என்று காலையில் அக்கா சொல்லியிருந்தாள். சின்னவள் சிரித்தாள். அக்காவும் சிரிக்கப் பார்த்தாள். வலித்தது போலிருக்கிறது, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

இந்த வீட்டுக்கு இது மூன்றாவது முறை. மாடிப்படி ஏறி, ஓரமாக இருக்கும் கதவைத் தட்டினால், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண் திறப்பாள். முப்பது வயது என்றாலும் நம்பலாம், ஐம்பது என்றாலும் நம்பலாம். அப்படி ஓர் அலுப்பு முகத்தில் படிந்திருந்தது. உள்ளறைக் கட்டிலில் நோயாளி சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். முகம் தெரியாது. தலையணையில் பரந்திருக்கும் கூந்தல்தான் தெரியும். வயதானவளுக்கு இவ்வளவு கருப்பாக, இவ்வளவு அடர்த்தியாகவா என்று சின்னவளுக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

"உங்க அம்மாவா?" என்று முதல் முறையே கேட்டிருந்தாள்.

"வர்றவங்க எல்லாரும் அம்மான்னுதான் கூப்பிடறோம்," என்றாள் அந்தப் பெண். அத்தோடு, "உங்க வீட்ல அம்மா எப்படி இருக்காங்க?" என்றும் கேட்டாள்.

அங்கேதான் சின்னவள் வழுக்கினாள். களப்பணிக்குப் போகிற இடத்தில் சொந்தக் கதையை அவிழ்க்கக் கூடாது, நீ கேட்கப் போகிறாய், கொட்டப் போகவில்லை என்று பேராசிரியர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்லியிருந்தார். ஆனால் அவளிடம் அப்படி யாரும் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! அந்தப் பெண் தலையை லேசாகச் சாய்த்து, இடையில் புகாமல், சொன்னதின் கடைசி வார்த்தையை மட்டும் மெதுவாகத் திருப்பிச் சொல்லிச் சொல்லிக் கேட்டாள். வகுப்பில் சொல்லிக்கொடுப்பது அச்சு அசலாக அதுதான். சின்னவள் கொட்டித் தீர்த்துவிட்டாள். அம்மாவின் பேச்சு போனது, அக்காவின் பல், எந்தப் பேருந்து, எந்த வளைவில் இறங்க வேண்டும் என்பது வரைக்கும்.

இரண்டாம் முறை கேள்விகள் இன்னும் நுணுக்கமாயின. அம்மாவை எந்தத் தோளைப் பிடித்துத் திருப்புவீர்கள்? முழங்கால் நடுவே தலையணை வைப்பீர்களா? அக்கா உங்களை என்னவென்று கூப்பிடுவாள்? திரும்பும்போது சின்னவளுக்கு மனம் பஞ்சுபோல லேசாக இருந்தது. பேருந்தில் பாதி தூரம் வந்த பிறகுதான், அந்த வீட்டைப் பற்றித் தான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பது உறைத்தது.

இன்று அந்தப் பெண் உட்காரக்கூட இல்லை. கட்டிலருகே இருந்த நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"மருந்து தீந்துபோச்சு. கடைக்குப் போயிட்டு இதோ வந்துடறேன். கொஞ்ச நேரம் பாத்துக்கறீங்களா?"

நோயாளியோடு தனியாக இருக்கக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. சின்னவளுக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் வெளிக்காற்று முகத்தில் படுவதற்கு அக்கா எப்படி ஏங்குவாள் என்பதும் தெரியும். குப்பை கொட்டப் போகிற சாக்கில் தெருமுனையில் ஐந்து நிமிடம் சும்மா நின்றுவிட்டு வருவாள் அக்கா. அந்த முகத்தை நினைத்துக்கொண்டு இவள் தலையாட்டிவிட்டாள்.

"சீக்கிரம் வந்துடுங்க. எனக்கு இருட்டுறதுக்குள்ள போகணும்."

"தெரியும்," என்றாள் அந்தப் பெண். "பல் டாக்டர்."

கதவைச் சாத்திக்கொண்டு போனாள். படியில் செருப்புச் சத்தம் இறங்கியது. இடது காலைக் கொஞ்சம் தேய்த்து, வலது காலை அழுத்தி வைத்து, தேய்த்து, அழுத்தி. காலை இழுத்து நடக்காதே, செருப்பு ஒரு மாதம்கூடத் தாங்காது என்று அம்மா தனக்குப் பேச்சிருந்த காலத்தில் தினமும் திட்டிய நடை. சின்னவளின் நடை. சத்தம் தெருவில் கலந்து மறைந்த பிறகும் அவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்துபோய்க் கதவைத் திறந்து பார்த்தாள். வாசலில் அவள் கழற்றிவிட்ட செருப்பு இல்லை. அந்த இடத்தில் வார் அறுந்து, தூசி படிந்து, எந்தக் காலத்திலோ வாங்கிய செருப்பு ஒன்று கிடந்தது.

அவசரத்தில் மாற்றிப் போட்டுக்கொண்டு போயிருப்பாள். அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

ஜன்னலில் வெளிச்சம் வற்றிக்கொண்டே வந்தது. தெருவில் பிள்ளைகள் விளையாடும் கூச்சல், யாரோ பாத்திரம் கழுவும் சத்தம், தூரத்தில் ஒரு ஹாரன், ஒவ்வொன்றாக அடங்கி, கடைசியில் அறைக்குள் மூச்சுச் சத்தம் மட்டும் மிஞ்சியது. சின்னவள் உற்றுக் கேட்டாள். நோயாளியின் முதுகு அசையவில்லை. அது அவளுடைய மூச்சு.

"அம்மா? தண்ணி வேணுமா?"

கூந்தல்கூட அசையவில்லை.

விளக்கைப் போட எழுந்து சுவரைத் தடவினாள். கையில் ஸ்விட்ச் படவில்லை. ஆணியில் மாட்டியிருந்த பை ஒன்று பட்டது. கல்லூரிப் பிள்ளைகள் தோளில் மாட்டும் துணிப்பை. அதன் வாரோடு ஓர் அடையாள அட்டை தொங்கியது. போனின் வெளிச்சத்தில் பார்த்தாள். பெயரும் படமும் வெளுத்துப்போய்விட்டன. கல்லூரி முத்திரை மட்டும் பாக்கியிருந்தது. அது அவள் கழுத்தில் தொங்கும் அட்டையில் உள்ள அதே முத்திரை.

அவள் மேற்பார்வையாளருக்குப் போன் செய்தாள். கூட்டத்தில் இருப்பவரின் தாழ்ந்த குரல் வந்தது.

"மேடம், அவங்க போய் ரொம்ப நேரமாச்சு. எனக்கு இங்க என்னவோ சரியில்ல மேடம்."

"உன்னை யாரு தனியா இருக்கச் சொன்னது? சரி, இப்ப பேசி என்ன ஆகப்போகுது. பேஷண்ட்டைத் தனியா விட்டுட்டு மட்டும் கிளம்பிடாத. ஏதாவது ஆச்சுன்னா உன் படிப்பே போயிடும். அவங்க வர்ற வரைக்கும் இரு."

சின்னவள் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் உடம்பு கனத்தது. இரண்டு வருடத்து அரைத் தூக்கமெல்லாம் ஒன்றாகத் திரண்டு காலில் இறங்கியதுபோல இருந்தது. பயம் ஒரு பக்கம் நெஞ்சை அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு பக்கம், இப்படியே கண்ணை மூடிக்கொண்டால் என்ன என்றும் தோன்றியது. அக்கா காத்திருப்பாள் என்ற நினைப்பில் திடுக்கிட்டுப் போனை எடுத்தாள்.

அக்கா எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. மரத்துப்போன வாயிலிருந்து சொற்கள் குழறி வந்தன.

"என்னடி? இப்பதான் ஊசி போட்டிருக்காங்க. பேச முடியல."

"அக்கா, எங்க இருக்க?"

"பல் டாக்டர்ட்டதான்."

"அம்மாவ யாருட்ட விட்ட?"

அக்காவுக்கு எரிச்சல் வந்தது.

"விளையாடாத. நீ வந்த பிறகுதானே நான் கிளம்புனேன். அம்மாவத் திருப்பிப் போட்டுட்டு, நீ போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்னு சொன்னல்ல?"

"நான் வரலக்கா."

"கூப்பிடறாங்க. வைக்கறேன். அம்மாவுக்கு மாத்திரை குடுத்துடு."

"அக்கா, வீட்டுக்குப் போ. அது நான் இல்ல. அக்கா..."

அக்கா துண்டித்துவிட்டாள். சின்னவள் மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தாள். அக்கா போனை அணைத்துவைத்திருந்தாள்.

அம்மாவின் தலைமாட்டில் ஒரு பட்டன் போன் எப்போதும் இருக்கும். அந்த எண்ணைத் தேடினாள். மணி போனது. மணி போய்க்கொண்டே இருந்தது.

எடுத்தார்கள்.

மின்விசிறியின் டக் டக். அவர்கள் வீட்டு மின்விசிறி. துணி உரசும் சத்தம். பிறகு ஒரு குரல். இரண்டு வருடமாக அவளும் அக்காவும் கேட்காத குரல். தெளிவாக, தெம்பாக.

"யாரும்மா போன்ல?"

அம்மா பேசுகிறாள். அம்மா என்று கத்த வேண்டும். அழுகை முந்திக்கொண்டது. குரல் எழவில்லை.

"யாரோ தெரியலம்மா. ராங் நம்பர்."

பதில் சொன்னது சின்னவளின் குரல். அதே குரல். ஆனால் அலுப்பு இல்லாமல்.

போன் அடங்கியது.

போக வேண்டும். இப்போதே. படிப்பு போனால் போகட்டும். அவள் நாற்காலியின் கையைப் பிடித்து ஊன்றினாள். எழுந்திரு. கால் கேட்கவில்லை. எழுந்திரு.

கட்டில் கிறீச்சிட்டது.

நோயாளி எழுந்தாள். எந்தச் சிரமமும் இல்லை. போர்வையை ஒதுக்கினாள். காலைத் தரையில் வைத்தாள். கூந்தலை அள்ளி முடிந்துகொண்டாள். அரையிருட்டில் சின்னவளின் முழங்காலை உரசியபடி கடந்துபோனாள். கதவருகே நின்றாள். எட்டி மேல்தாழ்ப்பாளைப் போட்டாள். பிறகு கீழ்த்தாழ்ப்பாள்.

அவசரமில்லாமல் திரும்பி வந்தாள்.

கட்டிலில் ஏறினாள். கை கால்களைத் தளர்த்திக்கொண்டாள். வலது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டியது. வாய் ஒரு பக்கம் கோணியது. கண்கள் மட்டும் சின்னவளின் மேலேயே இருந்தன.

"திருப்பிப் போடும்மா," என்றாள். "வலிக்குது."

சின்னவளின் கைகள் தாமாகவே நீண்டு அந்தத் தோளுக்கு அடியில் நுழைந்தன.